தபால் பெட்டி உடைத்தவள்

அந்த வருடம் ஆப்பிள் பறிப்பு தொடங்கிய வாரத்தில் எங்கள் சாலையில் தபால் பெட்டிகள் விழ ஆரம்பித்தன. யாக்கிமா பள்ளத்தாக்கில் தோட்டங்களை ஊடறுத்துப் போகிற சாலை அது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு தோப்பே இருக்கும். தபால்காரர் வண்டியிலிருந்து இறங்காமலே போட்டுவிட்டுப் போகட்டும் என்று அவரவர் தகரப் பெட்டியைச் சாலையோரம் ஒரு கம்பத்தில் பொருத்தி வைத்திருப்பார்கள். காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி நசுங்கி, மூடி பிய்ந்து, கம்பத்தோடு சாய்ந்து கிடக்கும். உள்ளே இருந்த தபால் மட்டும் அப்படியே இருக்கும். யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

யார் செய்தது என்பதில் ஊருக்குச் சந்தேகமே வரவில்லை. சாலையின் கோடியில், கால்வாய்க்கு அந்தப் பக்கம், ஒரு புது முகாம் வந்திருந்தது. பறிப்பு வேலைக்காக ஒப்பந்த விசாவில் மெக்சிகோவிலிருந்து கூட்டிவந்த ஆட்கள் அங்கே தங்கியிருந்தார்கள். ஃபேஸ்புக்கில் ஊர்க் குழுவில் ரிக் சாண்டோவல் நசுங்கிப்போன தன் பெட்டியின் படத்தைப் போட்டு, "முகாம் வருவதற்கு முன்னால் இங்கே இப்படியெல்லாம் நடந்ததில்லை" என்று எழுதினார். நிறைய பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். ரிக் காப்பீட்டு முகவர். பள்ளிப் பையன்களுக்குப் பேஸ்பால் கற்றுக்கொடுக்கிறவர். அவருடைய தாத்தா ஒரு காலத்தில் டெக்சாஸிலிருந்து, பீர் காய்ச்ச உதவும் ஹாப்ஸ் கொடி அறுக்க இங்கே வந்த கூலி. சாண்டோவல் என்ற பெயரைத் தவிர ரிக்கிடம் ஸ்பானிஷ் எதுவும் மிஞ்சவில்லை.

என் பெயர் ரூட்டிலியோ. அக்கா டெல்ஃபினாவும் மச்சான் அபுந்தியோவும் மெக்சிகோவின் மிச்சோவக்கானிலிருந்து எல்லையைக் கடந்தபோது என்னையும் கையில் பிடித்துக் கூட்டிவந்தார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பிறகு இங்கேயே படித்து, இங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து, அவள் மூலமாக எனக்கு இங்கே சட்டப்படி இருப்பதற்கான காகிதம் கிடைத்தது. அக்காவுக்கும் மச்சானுக்கும் கிடைக்கவில்லை. அவர்களுடைய ஒரே மகள் அராசெலி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அவளுக்குக் காகிதம் பிறந்த அன்றே வந்துவிட்டது. ஆக, ஒரே வீட்டில் மூன்று விதமான ஆட்கள்.

மச்சான் ஒரு பெரிய தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பில் இருந்தார். அவர் வண்டி ஓட்டுவதை நீங்கள் பார்க்க வேண்டும். பலகையில் போட்டிருக்கும் வேகத்துக்கும் கீழேதான் போவார். ஆளே இல்லாத நாற்சந்தியிலும் முழுசாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். உரிமம் இல்லாமல் ஆற்றில் தூண்டில் போடமாட்டார். பீர் குடித்தால் வீட்டுக்குள் மட்டும்தான். இத்தனை வருடத்தில் போலீஸ்காரர் யாருக்கும் அவர் பெயரைக் கேட்கும் தேவை வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசை முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அக்கா குடல் சூப் வைத்திருந்தாள். மச்சான் கரண்டியைத் தொடாமல் இருந்தார்.

"வென்செவ தூக்கிட்டுப் போய்ட்டாங்க மாப்ள," என்றார் என்னிடம்.

வென்செஸ்லாவோ முகாமில் இருந்த பையன். மெக்சிகோவில் நயாரித் மாநிலத்துக்காரன். குழாய் மாற்றும் வேலைக்கு மச்சான் அவனைத்தான் கேட்டு வாங்கிக்கொள்வார்.

"எதுக்கு?"

"பெட்டி உடைச்சானாம். நேத்து சாயங்காலம் கடைக்கு நடந்து போயிருக்கான். நாய்க்காக கையில ஒரு துண்டுக் குழாய் வச்சிருந்தான். அந்த டச்சுக்காரப் பெரியவர், வாண்டர்மீர், போன் பண்ணி 'இவன்தான், கையில இரும்போட அலையுறான்'னு சொல்லிட்டார். உள்ள வச்சிருக்காங்க."

"நிரூபிக்க முடியாது மச்சான். விட்டுடுவாங்க."

"போலீஸ் விடும். கூட்டிட்டு வந்த காண்ட்ராக்டர் விடமாட்டான். தகராறு பண்ற ஆள் எனக்கு வேணாம்னு பஸ் ஏத்தி அனுப்பிடுவான். அப்பறம் அடுத்த வருஷமும் கூப்பிட மாட்டான்."

"பாவம், அந்தப் பையனுக்கு இப்பத்தான் குழந்தை பொறந்திருக்கு," என்றாள் அக்கா.

அராசெலி சோளரொட்டியைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை. தட்டில் சின்னச் சின்னத் துண்டுகளாகக் குவிந்திருந்தது.

"அவர் இல்ல," என்றாள்.

"எல்லாருக்கும் தெரியும் அவன் இல்லைன்னு. சாப்பிடு," என்றார் மச்சான்.

"இல்லப்பா. எனக்கு நிஜமாவே தெரியும்."

அக்காதான் முதலில் புரிந்துகொண்டாள். கையிலிருந்த பாத்திரத்தை அடுப்பின்மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"யாரு கூட?"

"டிலன் கூட. டிலன் சாண்டோவல். அவன் வண்டிய ஓட்டுவான். பின்னாடி நின்னுகிட்டு பேட்டால அடிக்கணும். யாரு நல்லா அடிக்கறாங்கன்னு ஒரு கேம். எல்லாரும் பண்றதுதான்மா."

"நீ அடிச்சியா?"

"ரெண்டு. ஒண்ணு வாண்டர்மீர் வீட்டுது."

இதைக் கேட்டு எனக்கு அதிர்ச்சி வரவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் படித்த காலத்திலேயே பள்ளியில் இந்த விளையாட்டு உண்டு. திங்கட்கிழமை காலையில் வெள்ளைக்காரப் பையன்கள் லாக்கர் பக்கத்தில் நின்று பீற்றிக்கொள்வார்கள். அவர்களுடைய அப்பாக்களும் அடித்தவர்கள்தான். எங்கள் ஆட்கள் யாரும் அந்த வண்டியில் ஏறமாட்டோம். எங்களைக் கூப்பிடவும் மாட்டார்கள். அராசெலியைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவளும் ஏறியிருக்கிறாள். அந்த ஒரு கணம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது ஏதோ முன்னேற்றம்போலக்கூடத் தோன்றியது.

மச்சான் கத்தவில்லை. "நாளைக்கு ஷெரிஃப் ஆபீஸ் போறோம். நீ போய் சொல்ற," என்றார்.

"அப்பா, மென்டலா உங்களுக்கு? அவங்களே அவர விட்டுடுவாங்க. மாமா சொன்னாருல்ல?"

"ஒருத்தன் உனக்குப் பதிலா உள்ள உக்காந்திருக்கான்."

"அதுக்கு நான் போய் மாட்டிக்கணுமா? என் காலேஜ் அப்ளிகேஷன் என்ன ஆகும்? டிலன் அப்பா என்ன சொல்றார்னாவது கேளுங்க. அவருக்கு லாயர் எல்லாம் தெரியும்."

"தப்பு செஞ்சா ஒத்துக்கணும். இந்த வீட்டுல எல்லாரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் இத்தன வருஷம் இருந்திருக்கோம்."

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். கோபத்தில் கத்தவில்லை. நிதானமாக, ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"நீங்க கட்டுப்பட்டு இருந்தது நல்லவங்கங்கறதால இல்லப்பா. பயம். போலீஸ் காரப் பாத்தாலே உங்க கழுத்து வேர்க்கும். நான் சின்னதுல இருந்து பின் சீட்டுல உக்காந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். பயத்தையும் நேர்மையையும் நீங்க ஒண்ணுன்னு நெனச்சுட்டு இருக்கீங்க. எனக்கு அந்த பயம் கிடையாது. நான் இங்க பொறந்தவ."

அக்கா அவள் கன்னத்தில் ஒன்று வைத்தாள். மச்சான் எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் வால்வு பார்க்கணும் என்று வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமை அவர் பார்க்க வேண்டிய வால்வு எதுவும் இல்லை.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, சாண்டோவல் வீட்டுக்குப் போகணும். நீ பேசித் தரணும்."

"அவர்கிட்ட எதுக்கு மச்சான்?"

"அவரு பிள்ளையும் இதுல இருக்கான். முதுகுக்குப் பின்னால போய் சொல்றது அழகில்ல. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிடணும்."

ரிக் வீட்டுப் பின்புறத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இடுக்கியை ஆட்டி வரவேற்றார். "வாங்க, வாங்க அபண்டியோ." மச்சானின் பெயரை அவர் அப்படித்தான் சொல்வார். பீர் எடுத்துக் கொடுத்தார். மச்சான் வாங்கிக்கொண்டார், திறக்கவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். ரிக் முகத்தில் பெரிய மாற்றமில்லை. இறைச்சியைத் திருப்பிப் போட்டார்.

"டிலன் எங்கிட்ட எதுவும் சொல்லல. சரி, பண்ணியிருப்பான். இங்க பாருங்க, நானும் அந்த வயசுல பண்ணியிருக்கேன். இந்த ஊர்ல பண்ணாதவன் யாரு? அதுக்கெல்லாம் போலீஸ்கிட்ட போறதில்ல. உடைஞ்ச பெட்டிக்கெல்லாம் நானே புதுசு வாங்கி, ராவோட ராவா வச்சுடறேன். முடிஞ்சது."

"உங்க பெட்டியும் உடைஞ்சுதே," என்று மச்சான் சொன்னதை மொழிபெயர்த்தேன்.

"அதான் சொல்றேன். எல்லாத்தையும் நம்ம பசங்க தலையில கட்ட முடியாது. என் பெட்டிய உடைச்சது அந்த..." என்று ஆரம்பித்தார்.

"அதுவும் டிலன்தான்," என்றேன். "உங்க வீடு மட்டும் தப்பிச்சா சந்தேகம் வரும்னு அவனே அடிச்சிருக்கான். அராசெலி சொன்னா."

ரிக் இடுக்கியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. "கில்லாடிப் பய," என்றார். மச்சானும் சிரிப்பார் என்று எதிர்பார்த்திருப்பார்போல. மச்சான் சிரிக்கவில்லை.

"அந்த நயாரித் பையன் உள்ள இருக்கான்னு சொல்லு மாப்ள."

சொன்னேன்.

"நாளைக்கோ மறுநாளோ விட்டுடுவாங்க. ஒரு குழாயை வச்சு எந்தக் கேஸும் நிக்காது," என்றார் ரிக். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "ரூட்டி, உனக்கு இந்த ஊர் தெரியும். அவருக்குப் புரிய வை. வக்கீல் இல்லாம வாயத் திறக்கக் கூடாது. அது ஒண்ணு. ரெண்டாவது, அவரு நிலைமையில இருக்கற ஒருத்தர் சொந்தக் கால்ல நடந்து ஷெரிஃப் ஆபீசுக்குள்ள போகலாமா? நான் மிரட்டறேன்னு நெனச்சுக்காத. நிஜமான அக்கறையில சொல்றேன்."

அது அக்கறைதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அதை மச்சானிடம் எப்படிச் சொல்வது? ஸ்பானிஷில் போட்டால் மிரட்டலாகத்தான் வரும். "ஜாக்கிரதையா இருக்கச் சொல்றார்," என்று மட்டும் சொன்னேன்.

மச்சான் தலையாட்டினார். திறக்காத பீரை மேசையில் வைத்தார். ரிக்குக்குக் கை கொடுத்தார். வண்டியில் ஏறிய பிறகு, "நல்ல மனுஷன்தான். எல்லாத்துக்கும் ஒரு வழி வச்சிருக்கார்," என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா, எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் நான் போனபோது அவர் சவரம் செய்து, பூசைக்குப் போடும் சட்டை போட்டிருந்தார். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ரூட்டிலியோ கூட்டிட்டுப் போகட்டும். அவனுக்குக் காகிதம் இருக்கு. தாய்மாமன்தானே, அவன் போனா போதாதா? நீங்க உள்ள போனா திரும்பி வருவீங்கன்னு யாரு எனக்குச் சொல்றது?"

"பெத்தவன் நான்."

"அவ ஏதோ கோவத்துல உளறிட்டா. அதுக்காக நீங்க வீரம் காட்டணுமா? உங்கள அனுப்பிட்டா இந்த வீட்ட யாரு பாக்கறது?"

"அவ உளறலடி," என்றார் மச்சான். "சரியாத்தான் சொன்னா. ராத்திரி பூரா யோசிச்சேன். பயம் இல்லாம நான் செஞ்ச நல்ல காரியம் ஒண்ணு சொல்லுன்னு என்னயே கேட்டுப் பாத்தேன். ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல."

அக்கா கதவிலிருந்து விலகவில்லை. அவர் அவள் தோளைத் தொட்டு மெதுவாக நகர்த்திவிட்டு வெளியே வந்தார். அராசெலி ஏற்கெனவே என் வண்டியின் பின் சீட்டில் இருந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு நிறுத்தப் பலகையிலும் மச்சான் என் கையை மெல்லத் தட்டி, "முழுசா நிறுத்து," என்றார்.

ஷெரிஃப் அலுவலகத்தில் ஹெண்ட்ரிக்ஸ் என்ற பெண் அதிகாரி இருந்தாள். நாற்பது வயதிருக்கும், தூக்கமில்லாத கண்கள். விஷயத்தைச் சொன்னதும் எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனாள். முதலில் அவள் கேட்டது மச்சானின் அடையாள அட்டையை.

அவர் கொண்டுவந்திருந்தது மெக்சிகோ தூதரகம் கொடுத்த அட்டை ஒன்றைத்தான். அதை எடுத்துக் கொடுத்தார். அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். தொப்பி மச்சானின் முழங்கால்மேல் இருந்தது. அதன் விளிம்பு துடித்துக்கொண்டே இருந்தது. கையை எடுத்தால் தெரிந்துவிடும் என்று அவர் தொப்பியை இன்னும் அழுத்திப் பிடித்தார், அது இன்னும் துடித்தது. அராசெலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இந்தப் பொண்ணோட அப்பா," என்றாள் ஹெண்ட்ரிக்ஸ்.

"ஆமா," என்றார் மச்சான். ஆங்கிலத்திலேயே சொன்னார்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அராசெலியிடம், வக்கீல் இல்லாமல் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, வேண்டுமானால் காத்திருக்கலாம் என்று சொன்னாள். நான் மச்சானுக்கு அதைச் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார்.

"நீ முடிவு பண்ணு கண்ணு. நான் கூட்டிட்டு வந்தேன், அவ்வளவுதான். பேசறதும் பேசாம இருக்கறதும் உன் இஷ்டம்."

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கழுத்தைப் பிடித்துப் பேச வைப்பார் என்று நினைத்திருந்தேன்.

அராசெலி பேசினாள். எந்தெந்த ராத்திரி, எந்தெந்த வீடு, தான் அடித்தது எது, எல்லாம் சொன்னாள். வண்டி ஓட்டியது யார் என்று அதிகாரி கேட்டபோது மட்டும், "நான் செஞ்சதத்தான் நான் சொல்வேன். மத்தவங்க செஞ்சத அவங்களே சொல்லட்டும்," என்றாள். ஹெண்ட்ரிக்ஸ் வற்புறுத்தவில்லை. சின்ன ஊர். பின்பக்கம் திறந்த சிவப்பு வண்டி யாருடையது என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

"உள்ள இருக்காரே, அவர இன்னைக்கே விடுவீங்களா?" என்று அராசெலி கேட்டாள்.

"இன்னைக்கே," என்றாள்.

திரும்பி வரும்போது அராசெலிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அப்பா, உங்க கை நடுங்குச்சு."

"ஆமா."

"அப்பறம் ஏன் வந்தீங்க?"

"நடுங்கிட்டேதான் வந்தேன். வேற எப்படி வர்றது?"

அவள் பின் சீட்டிலிருந்து எட்டி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது கலைந்திருக்கவே இல்லை. நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

வென்செயை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். ஆனால் மச்சான் பயந்தது போலவே நடந்தது. ஞாயிற்றுக்கிழமையே காண்ட்ராக்டர் அவன் பெயரை அடித்துவிட்டு, அவன் துணிமணிகளைக் கட்டி முகாம் வாசலில் வைத்திருந்தான். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து அவன் நடந்து வந்து சேர்ந்தபோது வேன் தயாராக நின்றது. மச்சான் காண்ட்ராக்டரிடம் போய் எவ்வளவோ பேசிப் பார்த்தார். உண்மையில் உடைத்தது தன் மகள் என்றுகூடச் சொன்னார். "அதெல்லாம் சரிங்க, ஆனா அவன் இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு," என்றான் அவன். அதோடு முடிந்தது.

அராசெலியின் வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. முதல் தடவை மாட்டும் சிறுவர்களுக்கென்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. உடைந்த பெட்டிகளை அவளே புதுசு வாங்கி நட வேண்டும், சில மாதம் பொது வேலை செய்ய வேண்டும், பிறகு பதிவில் எதுவும் நிற்காது என்றார்கள். டிலன் பெயரை யாரும் சொல்லாததால் அவன் மேல் எதுவும் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் கம்பம் நட ஆரம்பித்தோம். மச்சான் குழி தோண்டக் காட்டிக் கொடுத்தார், தோண்டியது அராசெலிதான். மேல்மண் மாவு மாதிரி இருக்கும். அரை ஆள் ஆழம் போனால் சுண்ணாம்பாக இறுகிக் கிடக்கும், கடப்பாரைதான் இறங்கும். இரண்டாவது குழியில் இருக்கும்போது சிவப்பு வண்டி வந்து நின்றது. ரிக் இறங்கினார். பின்னால் புதுக் கம்பங்கள் நிறைய. டிலனும் இறங்கினான், கையில் மண்வெட்டி. ரிக் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கம்பங்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். டிலன் அடுத்த வீட்டுக்கு நடந்து போய்த் தோண்ட ஆரம்பித்தான். மதியம் அக்கா சாப்பாடு கொண்டுவந்தபோது ரிக் நான்கு டாக்கோ சாப்பிட்டார். காரத்தில் கண்ணீர் விட்டார். மச்சான் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

வாண்டர்மீர் வீட்டு முன்னால் நட்டபோது அந்தப் பெரியவர் கைத்தடியோடு வெளியே வந்தார். வென்செயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சாண் உயரமா வைங்க. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்பறம் என்னால குனிய முடியல," என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அராசெலி கம்பத்தை வெளியே இழுத்து, குழியில் மண் போட்டு, உயர்த்தி நட்டாள்.

கொஞ்ச நாளுக்குப் பிறகு என் வண்டி ரேடியோவில் ஒரு பேராசிரியை பேசினாள். வெளியிலிருந்து வந்தவர்கள் இங்கே பிறந்தவர்களைவிடக் குறைவாகத்தான் குற்றம் செய்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் வளர வளர மற்ற உள்ளூர்ப் பிள்ளைகள் அளவுக்கு வந்துவிடுகிறார்கள் என்றாள். மச்சானுக்கு மொழிபெயர்த்தேன்.

"அளவுக்குன்னா சொன்னா?"

"ஆமா மச்சான். கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அப்ப நம்ம பிள்ள இந்த ஊர்ப் பிள்ள ஆயிடுச்சுன்னு அர்த்தம். அதுக்குத்தானே வந்தோம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இதுக்கு என்ன செய்யணும், அழணுமா?" என்றும் கேட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளைக் கார் எது வாசல் பக்கம் வேகம் குறைத்தாலும் குடியேற்றத் துறைக்காரர்களோ என்று அக்கா திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்பாள். யாரும் வரவில்லை. அதனால் பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மச்சான் இப்போதும் நாற்சந்தியில் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

வசந்தத்தில் மரங்கள் பூத்திருந்த ஒரு நாள், அராசெலி என்னிடம் வென்செயின் நம்பர் கேட்டாள். முகாமில் பழைய ஆட்களிடம் விசாரித்து வாங்கிக் கொடுத்தேன். அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் பேசினாள், ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு. அவளுடைய ஸ்பானிஷ் வீட்டுச் சமையலுக்கும் சண்டைக்கும் போதும், மன்னிப்புக் கேட்கப் போதாது. தடுக்கித் தடுக்கிச் சொல்லி முடித்தாள். நான்தான், என்னால்தான் உங்களுக்கு வேலை போனது என்றாள்.

அந்தப் பக்கம் முதலில் குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வென்செ, "தெரியும். அபுந்தியோ அண்ணன் வேன் கிளம்பறதுக்கு முன்னால வந்து சொன்னார்," என்றான்.

எங்கள் யாருக்கும் அது தெரியாது. மச்சான் வாசல் பக்கம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எம்மேல கோவமா?" என்றாள் அராசெலி.

"இருந்துச்சு. இங்க வந்து செங்கல் சூளையில வேல. இடுப்பு ஒடியுது. ஒடியறப்பல்லாம் கோவம் வரும்." கொஞ்சம் நிறுத்தினான். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தப் பெட்டியில எதுவும் எடுக்கலியாமே. அப்பறம் எதுக்கு உடைச்சீங்க?"

அராசெலி என்னைப் பார்த்தாள், ஒரு வார்த்தை கொடுங்கள் என்பது போல.

"ஜாலியா இருந்துச்சு," என்றாள் கடைசியில். "வேகமாப் போற வண்டி. அடிச்சதும் ஒரு சத்தம் வரும். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் அவங்கள்ல ஒருத்தின்னு இருந்துச்சு."



"நாங்க ஊர்ல கோயில் தகரக் கூரை மேல கல்லு எறிவோம்," என்றான் வென்செ. "பாதிரியார் தூங்கறப்போ. அந்தச் சத்தம்தான்."

அராசெலி சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வென்செ இந்த வருடம் வேறொரு காண்ட்ராக்டர் மூலம் பக்கத்து மாநிலமான ஒரேகானுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னான், கிடைக்குமா என்று தெரியாது என்றான். பிறகு மச்சானிடம் பேச வேண்டும் என்றான். மச்சான் காலுறையோடு வந்து போனை வாங்கிக்கொண்டார். வடக்குத் தோப்பில் புதிதாகப் போட்ட குழாய் இன்னும் ஒழுகுகிறதா என்று வென்செ கேட்டான். ஒழுகுகிறது என்றார் மச்சான். எங்கே ஒழுகுகிறது, எந்த மூட்டில், எப்படி அடைக்கலாம் என்று இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.